மடிச்சூடு

முதலில் அது வெறும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டவுன் பஸ்ஸில் யாரோ எழுந்துபோன சீட்டில் உடனே உட்கார்ந்தால் தொடையில் வந்து ஒட்டுமே, முகம் தெரியாத அந்த அடுத்தவர் சூடு, அது மேகலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டும். இடம் கிடைத்தாலும் ஒரு ஸ்டாப் தூரம் நின்று, ஆறவிட்டு, பிறகுதான் உட்காருவாள், "உக்காரேம்மா, சீட்டை யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க" என்று கண்டக்டர்கள் எரிந்து விழுந்திருக்கிறார்கள். இப்போது எழுந்து நிற்கவும் வழியில்லை. மடியில் லேப்டாப், அதற்கடியில் எவர்சில்வர் தாம்பாளம், மெத்தென்ற இடத்தில் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும் என்பதற்காக. தாம்பாளத்துக்கடியில் பட்டுப்புடவை, புடவைக்கடியில் நசநசத்துப்போன அவள். பட்டைக் கட்டச் சொன்னது மாமியார் தனபாக்கியம், நாலு பேர் வரும் வீடு என்று. கட்டி முடித்ததும் அந்த நாலு பேர் கண்ணில் படாமல் உள்ளறையில் உட்காரச் சொன்னதும் தனபாக்கியம்தான். சொன்னாள் என்றா சொல்வது, அத்தை எதையாவது நேராகச் சொல்லிக் கெட்ட பேர் வாங்குகிறவளா? "கம்பி இல்லாமலே டிவில வருமாமே மேகலா, கோகுல் சொன்னான். அப்ப நீ ஏன் கூட்டத்துல வந்து இடிபடணும்? உள்ள ரூம்ல நிம்மதியா உக்காந்து அங்கருந்தே போட்டு விட்டுரும்மா." வெல்லப்பாகில் முக்கி எடுத்த வார்த்தைகள், எறும்பு மொய்க்காததுதான் ஆச்சரியம். ஹாலில் புது டிவி, ஒரு கட்டில் அகலத்துக்கு. அதற்கு முன்னால் சொந்தமும் அக்கம்பக்கமுமாகப் பத்துப் பதினைந்து பேர். டிவியில் மெல்பர்ன் ஊர் வாடகை மண்டபம் ஒன்றில் நாத்தனார் அபிநயா ஏழாம் மாத வயிற்றோடு, நெற்றிச்சுட்டி நெற்றியில் நிற்காமல் சரிய, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வளைகாப்பு. ராகுகாலத்தைத் திருச்சிக் காலண்டர்படி பார்ப்பதா மெல்பர்ன் சூரியன்படி பார்ப்பதா என்று வாட்ஸப்பில் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் திருச்சிக் காலண்டர் ஜெயித்தது. சூரியன் என்ன செய்யும், அதற்காகச் சண்டை போட ஒரு தனபாக்கியம் இல்லை.

கம்பி இல்லாமல் வருவது என்றால் சும்மா வந்துவிடுகிறதா. யாருக்காவது தெரியுமா, ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்காவது? மெல்பர்னிலிருந்து வருகிற படத்தை இந்தப் பெட்டி முழுதாக விழுங்க வேண்டும், விழுங்கி மென்று திரையில் காட்ட வேண்டும், காட்டிய கையோடு அந்தத் திரையை அப்படியே மறுபடி சுருட்டிக் காற்றில் டிவிக்குத் துப்ப வேண்டும், நொடிக்கு இத்தனை தடவை என்று நிறுத்தாமல். தின்றதை உடனே கக்கு, கக்கிக்கொண்டே தின்னு. வீட்டுப் பின்பக்கம் வரும் சாம்பல் பூனை அப்படித்தான் செய்யும், முதுகை வளைத்துக் கேக் கேக் என்று. நினைத்ததும் மேகலாவுக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறியது, நல்ல எச்சில் இல்லை, வாந்திக்கு முன்னால் வருகிற தண்ணீர் எச்சில். ஆறு வருஷத்துப் பெட்டி, உள்ளே மின்விசிறியில் எத்தனை தலைமுடி, எத்தனை ரொட்டித்தூள், அவளுடைய தோல் எவ்வளவு உதிர்ந்து கிடக்கிறதோ. அதெல்லாம் சேர்ந்து காய்ந்து ஒரு வாடை, முடியைப் பொசுக்குகிற மாதிரி. இடது பக்கத் துவாரம் வழியாக அந்தக் காற்று அவள் மணிக்கட்டில் ஊதிக்கொண்டே இருந்தது, யாரோ பல் தேய்க்காதவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல. கேபிள் போட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். துப்புகிற வேலை மிச்சம், விழுங்குவதோடு போயிற்று. கேபிள் இருக்கிறது, பீரோவின் கீழ் டிராயரில், சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டு அவள்தான் வைத்தாள். ஆனால் அதன் நீளம் ஒன்றரைக் கை. கேபிள் என்றால் பெட்டி டிவியோடு ஒட்டி இருக்க வேண்டும், பெட்டி இருக்கும் இடத்தில் மேகலா இருக்க வேண்டும், மீட்டிங் அறுந்துபோனால் சேர்க்க, பாஸ்வேர்டு போட, நடுநடுவே எட்டிப் பார்க்கும் வேண்டாத அறிவிப்புகளை அடித்துத் தள்ள. புருஷன் கோகுலின் லேப்டாப் இருக்கிறதே என்றால் அது ஆபீஸ் பூட்டுப் போட்ட பெட்டி, இதற்கெல்லாம் திறக்காது. ஆகக் கம்பி இல்லாமல் வரும் என்ற விஞ்ஞானம் தனபாக்கியத்துக்கு எதற்குப் பயன்பட்டது என்றால், வீட்டு மருமகளை ஒரு கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள. கண்டுபிடித்தவன் அறிந்தால் தலையில் அடித்துக்கொள்வான்.

திரை மூலையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து வைத்திருந்தாள், பிராசஸர் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று காட்டும் கட்டம். எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழில் வந்து நின்றது. இறங்கவில்லை. பார்க்காதே, அது வெறும் எண். ஆனால் மேகலாவின் பிழைப்பே எண். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, இதே அறையில், எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரர்களின் நோய்களுக்கு எண் போடுகிற வேலை, மெடிக்கல் கோடிங்; மூலம் என்றால் ஓர் எண், மூட்டு தேய்ந்தால் ஓர் எண், வாத்து கடித்தால்கூடத் தனி எண் உண்டு. அந்தப் பெரிய பட்டியலில் ஒரே எழுத்துக்குக் கீழே பிள்ளையில்லாத பெண்ணுக்குத் தொண்ணூற்றேழு, பிள்ளையில்லாத ஆணுக்கு நாற்பத்தாறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பத்தாறு வந்தால் கை அதுபாட்டுக்குத் தட்டிவிட்டுப் போகும். இப்போது வந்தால் ஒரு கணம் நிற்கும். எழுதிய டாக்டர் எழுதிவிட்டார், பெயர் போட்டு, ஆணின் பெயர் போட்டு, அங்கே யாரும் செத்துப்போகவில்லை. தொண்ணூற்றேழு. இன்னும் தொண்ணூற்றேழு. இந்த வீட்டில் அவளுக்கு ஒட்டிய எண் அது, தப்பாக ஒட்டியது. அலுவலகத்தில் இப்படித் தப்பாக ஒட்டினால் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் கூப்பிட்டுச் சொல்லித் திருத்த வைப்பார்கள்.

ஒட்டியது யார், அவளேதான். பிள்ளைக்காகப் பார்க்கப் போன அந்தக் கிளினிக் வாசலில் பார்க்கிங்கில், ஒரு முருங்கை மரத்தடியில், கம்பளிப்பூச்சி விழுந்து காரின் கண்ணாடியில் நசுங்கி மஞ்சளாக ஒழுகியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கோகுல் அழுதான். டாக்டரம்மா அவனிடம் ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னாள், கோடிப் பேருக்கு இருக்கிற விஷயம் மாதிரி: மடியில் லேப்டாப் வைக்காதீர்கள், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், வெந்நீரில் குளிக்காதீர்கள், உயிரணுவுக்குச் சூடு ஆகாது, இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுப்போம், சரியாகாவிட்டால் வேறு வழி நிறைய இருக்கிறது. மேகலாவுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். காரில் ஏறியதும் அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத மேகலா. நான் செத்துருவேன்" என்றான். மூக்கிலிருந்து சளி இறங்கி உதட்டைத் தொட்டது, அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், அன்றைக்கு அருவருப்பாக இல்லை, பாவமாக இருந்தது, ஆசையாகக்கூட இருந்தது, தன் மனுஷன் என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் தனபாக்கியம் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கி "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள். கோகுல் மேகலாவைப் பார்த்தான். அந்தப் பார்வை. கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பார்க்கிற பார்வை. "எனக்குத்தான் கொஞ்சம் சிக்கலாம் அத்தை" என்றாள் மேகலா. அவ்வளவுதான், ஒரு வரி. மூன்று வருஷமாகிறது. ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய டெஸ்டை அவன் எடுக்கவே இல்லை, கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்று. அவளுக்கு இப்போது முப்பத்துநாலு. வேறு வழி நிறைய இருக்கிறது என்றாளே டாக்டரம்மா, அந்த வழிகளுக்கெல்லாம் வாசல் இவன் வாய். அது திறக்காது. ஆனால் மேகலாவின் வாய் மாதாமாதம் திறக்கிறது, விலக்கான முதல் மூன்று நாளும் வெறும் வயிற்றில், கரு தங்குமென்று, மலைவேம்புச் சாறு குடிக்க, ஒரு டம்ளர், பச்சையாக நுரை கட்டி, குளத்துப் பாசியைப் பிழிந்த மாதிரி. தனபாக்கியம் கூடவே நின்று பார்ப்பாள், கடைசிச் சொட்டு வரை. அது தொண்டையில் இறங்குவதில்லை, இழுத்துக்கொண்டு போகும். கோகுல் ஓரமாக வந்து நாட்டுச்சர்க்கரை ஒரு சிட்டிகை நீட்டுவான். குடிக்க வேண்டிய தொண்டை எது, சர்க்கரை தருகிற கை எது. யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ ஊசி.

அறையில் காற்று இல்லை. ஏசி ஹாலில் மட்டும். கட்டில் முழுக்க வந்தவர்களின் கைப்பைகள், மேஜை முழுக்க மூடி வைத்த பாத்திரங்கள்: புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். ஐந்து சாதமும் ஐந்து வாடையாக இருந்தால் தேவலை, ஒன்றாகக் கலந்து, மூடியின் உள்பக்கம் வியர்த்து வியர்த்து ஒரே புழுங்கல் வாடையாக நின்றது. தயிர்சாதம் இப்போதே புளிக்க ஆரம்பித்துவிட்டது, மதியம் ஊசிவிடும், "மேகலா மூடி வெச்சா, அதான்" என்பார்கள். கொஞ்சநேரம் முன்னால் கோகுலின் சித்தி மகள் கலைவாணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், கட்டில் ஓரத்தில் போட்டு டயப்பர் மாற்றினாள், "அண்ணி, இதை அப்புறமா குப்பைல போட்டுருங்களேன்" என்று சுருட்டிக் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது குழந்தையின் முகத்தை மேகலா பக்கம் திருப்பாமல் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி. பீத்துணியைக் கொடுக்கலாம், பிள்ளையைக் காட்டக் கூடாது. குழந்தை மேல் அவளுக்குக் கோபமில்லை, குழந்தையின் பீ ஒன்றும் அப்படி நாறுவதுமில்லை. நாறுவது வேறு. காலையில் கதவிடுக்கு வழியாக அத்தை சித்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: "தலைப்பிரசவம் பாரு. எல்லார் கண்ணும் ஒண்ணுபோல இருக்காது. வயித்தெரிச்சல் இல்லாம இருக்குமா, நீயே சொல்லு." இதைக் கேட்டபோது மேகலாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சிரிப்பு. கண் படக் கூடாது என்று உள்ளே வைத்திருக்கிறாளே, படம் ஓடுவது எங்கே? அவள் மடியில்! ஹாலில் எல்லோரும் பத்தடி தள்ளி உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள், இவளுக்கோ அபிநயாவின் வயிறு தன் வயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில், வளையல் போடும் விரல்களின் நகப்பூச்சு வரை தெரிய. அதுவும் இவளுக்குத்தான் முதலில் தெரியும். மடியில் படம் சத்தமில்லாமல் நடந்து முடிந்து, மூன்று நான்கு நொடி கழித்துத்தான் ஹால் டிவிக்குப் போய்ச் சேரும், சத்தம் அங்கேதான் கேட்கும். அபிநயா இங்கே சிரித்து முடித்துவிட்டாள், அங்கே இப்போதுதான் சிரிக்கப்போகிறாள், பிறகு ஹால் சிரிக்கும். கண் என்று ஒன்று இருந்தால் இந்நேரம் மெல்பர்ன் எரிந்திருக்கும் அத்தை. எனக்கு அபி மேல் வயிற்றெரிச்சலா? அந்தப் பெண் இங்கே இருந்தவரை என் தலையைத்தான் வாரிவிடச் சொல்வாள். எரிகிறது, ஆமாம் எரிகிறது, தொடை எரிகிறது, தாம்பாளம் காய்ந்து தோசைக்கல்லாகிவிட்டது, பட்டு வேறு சூட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

கதவு திறந்தது, கோகுல். பட்டுவேட்டி, சந்தனம், கையில் பாதி தின்ற லட்டு. "என்ன மேகலா, படம் திக்குது? அம்மா கேக்கறாங்க." லட்டின் நெய் அவன் விரலிடுக்கில் பளபளத்தது. "சூடாகுது. கேபிள் போட்டா நிக்கும்" என்றாள் அவள். அவன் உடனே புரிந்துகொண்டான், கேபிள் என்றால் என்ன அர்த்தம் என்று. அவன் முட்டாள் இல்லை, முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம். "இன்னும் கொஞ்ச நேரம்தானே. வேப்பிலைக் காப்பு போட்டாச்சுன்னா முடிஞ்சிரும். அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்." பிறகு அவள் மடியைப் பார்த்தான். சட்டென்று வேறு பக்கம் பார்த்தான். "சூடா இருந்தா கீழ வெச்சுக்க, மடியில வெக்காத" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு மிச்ச லட்டை வாயில் போட்டுக்கொண்டு போனான். அக்கறை. அந்த வாடையும் லட்டோடு சேர்ந்து அறையில் நின்றது. மடிச்சூட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன. டாக்டரம்மா சொன்ன மருந்து டெஸ்ட் எல்லாவற்றையும் விட்டவன் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டான், அது ஒன்றுதான் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய பத்தியம். லேப்டாப்பை மேஜையில்தான் வைப்பான், மேஜை இல்லாவிட்டால் தலையணை மேல். வெயிலில் நின்ற பைக்கில் ஏறுவதற்கு முன் ஒரு மக் தண்ணீரை சீட்டில் ஊற்றித் துடைப்பான். தெருவே பார்க்கும், "வண்டி மேல என்ன பாசம்" என்று அம்மா பூரிப்பாள். மார்கழியிலும் பச்சைத்தண்ணீர்க் குளியல், "சாமிக்கு விரதம் மாதிரி என் பிள்ளை" என்பாள். மூன்று வருஷமாக அவன் தன் மடியைப் பொன்போல் காப்பாற்றுகிறான். அதைப் பார்த்து ஆரம்பத்தில் அவளுக்கு நம்பிக்கை வந்ததுண்டு. இப்போது பார்த்தால், பல்லிடுக்கில் மாட்டிய நார்த் துணுக்குபோல, நாக்கு அங்கேயே போய்ப் போய் இடறுகிறது.

இல்லை, இடறுவது அது இல்லை. அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், மற்ற எதையும் நினைக்கலாம், டயப்பரை நினைக்கலாம், மலைவேம்பை நினைக்கலாம், அந்தச் சிரிப்பை மட்டும் நினைக்கக் கூடாது என்று. போன ஞாயிற்றுக்கிழமை. இட்லி. இதே சித்தி வந்திருந்தாள், மேகலா வேலை முடியாமல் இதே மாதிரி மடியில் பெட்டியோடு சுவரில் சாய்ந்திருந்தாள், தனபாக்கியம் சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுக் கோழியும் நாள் பூரா அடைகாக்குது பாரு, பொட்டிதான் சூடாகுது, குஞ்சு பொரிக்கக் காணோம்." சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கோகுல் சிரித்தான். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை, ஹ என்று, வாயில் இட்லியோடு, ஒரு துகள் பறந்து தட்டோரத்தில் ஒட்டியது. நடிக்கவில்லை. அதுதான். நடித்திருந்தால், அம்மாவுக்காக வலித்துக்கொண்டு சிரித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், அவன் முகம் அவளுக்குத் தெரியாதா. அவனுக்கு நிஜமாகவே அது வேடிக்கையாக இருந்தது. அவன் மறந்துவிட்டான். அவள் அவனுக்காகச் சொன்ன பொய்யை அவனே நம்பிவிட்டான், அவளுக்குத்தான் சிக்கல் என்று. பைக் சீட்டில் தண்ணீர் ஊற்றுகிற கைக்கு ஞாபகம் இருக்கிறது, சிரிக்கிற வாய்க்கு இல்லை. அந்தத் துகளை அவன் விரலால் ஒற்றி எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து ஏழெட்டு நாளாக அவன் பக்கத்தில் படுத்தால் அவளுக்குக் குமட்டுகிறது, அவன் தலையணை உறையின் எண்ணெய் வாடை, அவன் டம்ளரில் உதடு பட்ட இடம், எல்லாம். ஒரு மனிதனை வெறுத்தால்கூட ஒரு நெருப்பு இருக்கும், சூடு தணிந்தால் பேசிக்கொள்ளலாம். அருவருத்துவிட்டால் என்ன செய்வது, ஆறவிட்டு உட்காரக்கூடிய சீட்டா இது?

பெட்டிக்குள் மின்விசிறியின் சத்தம் மாறியது. இதுவரை உறுமியது, இப்போது கிறீச்சென்று ஒரு கோடாக இழுத்தது. மடியில் படம் நொண்டியது, அபிநயாவின் கை நீண்டது, நின்றது, இரண்டு இடத்தில் தெரிந்தது. சூடு எல்லை தாண்டினால் பெட்டி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. அதற்குக்கூட அந்த அறிவு இருக்கிறது. மெல்பர்னில் ஒரு பெண் வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பைத் தட்டிலிருந்து எடுத்தாள். முதல் காப்பு அதுதான், கண்ணாடி வளையலுக்கெல்லாம் முன்னால், தாய்க்கும் பிள்ளைக்கும் காவல். இப்போது அணைந்தால்? அணையட்டும். ஒரு கணம் நிஜமாகவே ஆசையாக இருந்தது, அப்படியே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம், டப்பென்று எல்லாம் கறுத்துப்போகட்டும், தின்றதும் கக்கியதும் போதும். ஆனால் காப்புப் போடுகிற நேரத்தில் படம் செத்தால் என்ன சொல்வார்கள்? பெட்டி பழசு என்றா? "உள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா இல்ல, பட்டுருச்சு." நாளைக்கு அபிக்குக் கால் வீங்கினால் அது, பிரசவம் ஒரு நாள் தள்ளினால் அது, பிள்ளை சளி பிடித்துத் தும்மினால் அது. இன்னொரு எண்ணைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள், இது எந்தப் பட்டியலிலும் இல்லாத எண், எடுக்கவே முடியாது. தொண்ணூற்றொன்பது என்றது கட்டம். நூறு என்றது. தாம்பாளத்தின் விளிம்பு தொடையைச் சுட்டது, சுருக்கென்று, அடுப்பில் கைபட்டால் படுகிற அதே சுருக். மேகலா எழுந்துவிட்டாள். பெட்டியை ஒரு கையில் ஏந்தி, காலால் டயப்பரைத் தள்ளி, குனிந்து மறு கையால் டிராயரைத் திறந்து கேபிளை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள், ரப்பர்பேண்டின் தூசி நாக்கில் கசந்தது.

ஹாலில் குளிர் முகத்தில் அடித்தது. டிவியில் படம் உறைந்து நின்றது, அபிநயாவின் முகம் பாதி சதுரம் சதுரமாகப் பெயர்ந்து, சத்தமும் செத்து. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பட்டுப்புடவையில் வாயில் கேபிளோடு நிற்கிறவளை. கலைவாணி குழந்தையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். "என்னம்மா நீ, உள்ள இருந்தே..." என்று தனபாக்கியம் பாதி எழுந்தாள். மேகலா கேபிளைத் தோளில் துப்பிப் போட்டுக்கொண்டு, "சூடு தாங்கல அத்தை. கம்பி போட்டாத்தான் ஓடும், இல்லாட்டிக் காப்பு போடறதைப் பாக்க முடியாது" என்றாள்.  டிவி சுவரோடு ஒட்டியிருந்தது, பின்பக்கம் கையை விட்டுத் துளையைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். டிவிக்கு மிக அருகே இருந்த நாற்காலியில் கோகுல். திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று பிற்பாடு அவள் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொள்ளப்போகிறாள், அருகில் இருந்த மடி அது, அவ்வளவுதான். கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, "இதைக் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று அவன் வேட்டி மேல் வைத்தாள்.

"ஐயோ, மடியில வேணாம்! சூடு ஆகாதுன்னு டாக்டரம்மா எனக்கு..." என்று அலறிக்கொண்டு கோகுல் பெட்டியை இரண்டு கையாலும் உயரத் தூக்கினான், யார் வீட்டுப் பிள்ளையோ மடியில் மூத்திரம் போய்விட்ட மாதிரி. வாக்கியத்தின் நடுவில்தான் தன் குரல் தன் காதில் விழுந்தது போலும், வாய் திறந்தபடி நின்றுவிட்டது.  கீழே வைக்கலாம் என்றால் மறுமுனை மேகலாவின் கையில், கேபிள் விறைத்து இழுத்தது, ஒன்றரைக் கை நீளம்தான். "எந்த டாக்டர்டா?" என்றாள் தனபாக்கியம். குரலில் இன்னும் சந்தேகம்கூட இல்லை, வெறும் கேள்வி. "உனக்கு எதுக்குடா டாக்டர்?" கோகுல் மேகலாவைப் பார்த்தான். அதே பார்வை. அவள் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது, சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்து நின்றது, 'எனக்குச் சொன்னதைத்தான் அத்தை சொல்றாரு', அவ்வளவு சுலபம், மலைவேம்பைப்போல இழுக்காது, வழவழவென்று வந்துவிடும். மேகலா வாயை மூடிக்கொண்டாள். திரும்பி, டிவிக்குப் பின்னால் கையை விட்டு, துளையைத் தடவி, கேபிளைச் செருகினாள். ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். படம் வந்தது, நகப்பூச்சு வரைக்கும் பளிச்சென்று. யாரோ பெண்கள் பாட, வேப்பங்காப்பு அபிநயாவின் விரல்முட்டியைத் தாண்டி மெல்ல உள்ளே போயிற்று. கோகுலின் கையில் மின்விசிறியின் கிறீச்சல் தேய்ந்து, உறுமலாகி, அடங்கியது. காப்புப் போடுவதை யாரும் பார்க்கவில்லை. சித்தி கோகுலைப் பார்த்தாள், கலைவாணி பார்த்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். "கோகுலு, உன்னத்தான் கேக்கறேன்" என்றாள் தனபாக்கியம், இந்தத் தடவை ரொம்ப மெதுவாக. மேகலா டிவிக்குக் கீழே, எல்லோருக்கும் எதிரே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரை குளிர்ந்திருந்தது. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று மற்ற எல்லோரையும் போல அவளும் அவன் முகத்தையே பார்த்தாள்.